பாடும் வாவியும் கேளாத வகுப்பறையும்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகின்றது என்னும் செய்தியைக் கேள்வியுறாத தமிழர் இலர் எனலாம். 'மீன் பாடும் தேனாடு' என்று எங்கள் நாட்டுக்கு ஒரு பெயரே வழங்கி வருகின்றது. ஆயினும், அப்பாட்டைத் தம் காதாற் கேட்டவர் எத்தனை பேர் என்று வினவினால், உள்ளூரிலேயே மிகச் சில கைகள்தாம் உயரும். கல்லடியிற் பிறந்து வளர்ந்த நானுங்கூட, முப்பது வயது கடந்த பின்னரே அதனைக் கேட்கும் பேறு பெற்றேன்.

அது சித்திரை மாதத்துப் பூரணை இரவு. பழைய கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்திய முதியவர், பேசாதிருக்கும்படி எனக்குச் சைகை காட்டினார். செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். வீதியிற் செல்லும் மோட்டார்ச் சைக்கிள்களின் இரைச்சலும், தோணியின் விலாவில் நீர் மோதும் சலசலப்புமே கேட்டன. "ஒண்டும் கேக்குதில்லையே, பெரியப்பா" என்றேன். அவர் சிரித்தார். "துடுப்பத் தண்ணிக்குள்ள இறக்கி, மத்த முனையில காத வை மனே. அவசரப்பட்டாக் கேக்காது" என்றார்.

அவ்வாறே செய்தேன். சிறிது நேரத்தில், எங்கோ தொலைவில் தம்புரா ஒன்றின் தந்தியை மெல்லத் தொட்டுவிட்டாற்போல ஓர் ஒலி மரத்தின் வழியே ஏறி வந்தது. அதனோடு இன்னொன்று, பின் வேறொன்று. காதைத் துடுப்பிலிருந்து எடுத்தேன், ஒன்றும் இல்லை. மீண்டும் வைத்தேன், ஒலி இருந்தது!

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தென்னந்து என்பார் 1848ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இங்கு வந்து இவ்வொலியைக் கேட்டார். 1859இல் வெளியான தமது நூலில், ஈரவிரலால் தடவப்பெறும் கண்ணாடிக் கிண்ணத்தின் மெல்லதிர்வோடு அதனை ஒப்பிட்டார். இவ்வொலிக்கு மீனன்று, ஊரியே காரணம் என்று அக்காலத்து மீனவர் அவருக்குக் கூறினராம். மீனோ, ஊரியோ, அவ்வழக்கு இங்கு வேண்டா. துடுப்பை வைத்தபோது கேட்டதும், எடுத்தபோது கேளாது போனதும் ஏன் என்பதே இங்கு நமக்கு வேண்டுவது.

நீரிற் பிறந்த ஒலி நீர்ப்பரப்பை அடைந்ததும், காற்றுக்குள் நுழைய மாட்டாது பெரும்பாலும் திரும்பிவிடுகின்றது. அதன் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வெளிப்படும். மரமோ நீரிலிருந்து ஒலியை வாங்கிக் காதெலும்பு வரை கொண்டுவந்து சேர்க்கின்றது. ஆகவே, ஒலி பிறந்தால் மட்டும் போதாது. அது செவியை அடைவதற்கு இடமும் வழியும் இசைய வேண்டும். இந்த உண்மையை நான் வாவியிற் கற்றேன். கற்றதை வகுப்பறையில் மறந்தேன். அந்தக் கதையையே வாசகர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

விசையும் திசையும்

நான் ஒரு கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவன். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் பத்தாந் தரத்து மாணவர்கள், கிடுகு வேய்ந்த கொட்டிலிலிருந்து புதிய மாடிக் கட்டிடத்துக்கு மாற்றப்பட்டனர். கொட்டிலுக்கு இடுப்பளவு உயரமான அரைச்சுவர். அதற்குமேல் நாற்புறமும் வெளி. மழை பெய்தால் வாங்குகளை நடுவே இழுத்துக்கொள்ள வேண்டும். புதிய அறைக்கோ வழவழப்பான சீமெந்துச் சுவர்கள், ஓடு பதித்த தரை, கொங்கிறீட்டுக் கூரை, வீதித் தூசி புகாத கண்ணாடிச் சாளரங்கள். பெற்றோர் மகிழ்ந்தனர்; நாங்களும் மகிழ்ந்தோம்.

அவ்வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். உயரமானவன் ஆதலாற் பின்வாங்கில் இருப்பான். கொட்டிலில் இருந்த காலத்திற் கேட்ட கேள்விக்கெல்லாம் விடை கூறியவன், புதிய அறைக்கு வந்த சில கிழமைகளில் மந்தமானான். தவணைப் பரீட்சையில் அவன் எழுதிய விடைத்தாளைக் கண்டு எனக்குச் சினம் மூண்டது. 'விசை' என்று எழுத வேண்டிய இடங்களிலெல்லாம் 'திசை' என்று எழுதியிருந்தான். பாடத்திற் கவனமில்லை என்று முடிவு செய்து, வகுப்பின் நடுவே அவனை எழுப்பி நிறுத்திக் கடிந்தேன். அன்றுமுதல் என் குரலையும் உயர்த்தினேன். குரலை உயர்த்த உயர்த்த அவன் இன்னும் பின்தங்கினான்.

பிள்ளையின் தாயார் ஒரு நாள் கல்லூரிக்கு வந்தார். "சின்னனில அவனுக்குக் காதால சீ வடிஞ்சது, சேர். ஒரு பக்கத்துக் காது மட்டம். ஆனா வீட்டில நல்லாத்தான் கேக்குது" என்றார். நான் பையனை அழைத்து விசாரித்தேன். அவன் தலையைக் குனிந்தபடியே, "நீங்க கதைக்கிற சத்தம் கேக்குது, சேர். சொல்லுத்தான் விளங்குதில்ல" என்றான்.

சத்தம் கேட்கின்றது, சொல் விளங்கவில்லை. ஒலியியல் நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை அப்பிள்ளை ஒரு வரியிற் கூறிவிட்டான். பௌதிக ஆசிரியன் என்று பெயர் தாங்கிய எனக்கு அது தைத்தது.

நாம் பேசும்போது உயிரொலிகளே உரத்து நிற்கின்றன. மெய்யொலிகள் மெலிந்தவை, கணத்தில் தோன்றி மறைபவை. 'விசை' என்ற சொல்லையும் 'திசை' என்ற சொல்லையும் வேறுபடுத்துவது முதலில் நிற்கும் ஒரு மெய்யொலிதான். சுவர்கள் வழவழப்பாக இருப்பின், முன்னர்ச் சொல்லிய சொல்லின் உயிரொலி சுவருக்குச் சுவர் தெறித்து அறையெங்கும் முழங்கிக்கொண்டிருக்கும். அடுத்த சொல்லின் மெய்யொலி அம்முழக்கத்தில் மூழ்கிப்போகும். ஆசிரியர் குரலை உயர்த்தினால் முழக்கமும் கூடவே உயரும். இரு செவியும் உடையார் ஒலி வரும் பக்கத்தைப் பகுத்தறிந்து ஒருவாறு சமாளித்துக்கொள்வர். ஒரு செவியினர்க்கு அவ்வுதவி இல்லை. நான் அவனைக் கடிந்த கடிவுகூட அவனுக்குச் சரியாக விளங்கியிருக்காது என்று எண்ணியபோது வெட்கமே மிஞ்சியது.

மெத்தைகள் கூறிய கணக்கு

இவ்விடர் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் விரிவுரை மண்டபம் ஒன்று புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. அங்கே ஒரு சொல்லைச் சொன்னால் அது ஐந்தரைச் செக்கன் வரை முழங்கிக்கொண்டிருந்தது. அதனைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சபீன் என்னும் இளம் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அயலிலிருந்த நாடக மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து பரப்பி, ஓர் ஊதுகுழலை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடியுமுன் மெத்தைகளை மீண்டும் உரிய இடத்திற் சேர்ப்பித்தார். இவ்வாறு பல இரவுகள் உழைத்து, அறையின் கனவளவையும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவையும் இணைக்கும் எளிய விதியொன்றைக் கண்டார். 1900இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் இசைமண்டபம் அவ்விதியை அடிப்படையாகக் கொண்டு அமைந்ததாகும்.

ஒலியை உறிஞ்சுவதற்குச் சபீன் கொண்ட அளவுகோல் திறந்த சாளரம். திறந்த சாளரத்தை அடைந்த ஒலி திரும்பி வருவதில்லை அன்றோ? எனவே ஒரு சதுர மீற்றர் திறந்த சாளரம் ஓர் அலகு. அறையின் கன மீற்றர் அளவை 0.16 ஆற் பெருக்கி, மொத்த உறிஞ்சல் அலகுகளால் வகுத்தால், முழக்கம் அடங்கும் செக்கன்கள் கிடைக்கும்.

எங்கள் வகுப்பறை 8 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம். கனவளவு 144 கன மீற்றர். மேற்பரப்பு 180 சதுர மீற்றர். சீமெந்துப் பரப்பு தன்மேற் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கையே உறிஞ்சும். ஆதலின் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து தருவது நாலரை அலகு. அறை வெறிதாக, சாளரங்கள் மூடிக்கிடப்பின் முழக்கம் ஏறத்தாழ 5 செக்கன்! 4 சதுர மீற்றர் சாளரத்தைத் திறந்துவிட்டு, 40 பிள்ளைகளையும் இருத்தினால், அவர்களின் உடலும் உடையும் சுமார் 12 அலகைத் தரும். அப்போதும் முழக்கம் 1.1 செக்கன். வகுப்பறைக்கு 0.6 செக்கனே தக்கது என்பது 2002இல் அமெரிக்காவில் வகுத்த நியமம். பழைய கொட்டிலின் நிலை என்ன? நாற்புறமும் திறந்த அக்கொட்டில் முழுவதுமே ஒரு சாளரம். தளர்வாகப் பின்னி அடுக்கிய கிடுகும் தன் இடுக்குகளில் ஒலியை வாங்கி அடக்கிக்கொண்டது. நாங்கள் பழைமை என்று எண்ணி நீங்கிய இடம் காதுக்கு உகந்த இடமாயிருந்தது. விடியவிடிய ஆடும் எங்கள் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் வானமே கூரையான வட்டக் களரியில் வளர்ந்தமையால், அண்ணாவியாருக்கு இத்தொல்லை இருந்ததில்லை.

மீண்டும் கொட்டிலுக்குச் செல்வதோ இயலாது. மாணவர்கள் முட்டை அடுக்கும் காகிதத் தட்டுகளைச் சேர்த்து வந்து சுவரில் ஒட்டினர். பலர் இதனைச் சிறந்த உபாயம் என்று நம்புகின்றனர். பயன் மிகச் சிறிது. பஞ்சு, தும்பு, காகிதம் போன்ற பொருள்கள் ஒலியை நன்கு உறிஞ்ச வேண்டுமாயின், அவை அலைநீளத்தின் காற்பங்களவு தடிப்புடையனவாதல் வேண்டும். செக்கனுக்கு 500 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் எங்கள் வெப்பமான காற்றில் 70 சென்ரிமீற்றர். அதன் காற்பங்கு பதினேழரைச் சென்ரிமீற்றர். அத்துணைத் தடிப்பான தும்பு மெத்தையைச் சுவரெங்கும் சாத்தினால், மாரியில் ஈரம் ஏறும். பின்னர்க் கறையானும் எலியும் குடியேறும்.

குடத்தின் கழுத்து

வேறு வழி இருக்கின்றது. அதனை அறிய ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியதில்லை. வெறுஞ் சோடாப் போத்தலின் வாயில் மெல்ல ஊதிப் பாருங்கள். 'பூம்' என்று ஒரே சுருதியில் ஒலிக்கும். போத்தலின் வயிற்றிலுள்ள காற்று வில்லுச்சுருள் போல அமுங்கி விரிகின்றது. கழுத்திலுள்ள காற்று அச்சுருளில் தொங்கும் படிக்கல் போல முன்னும் பின்னும் ஆடுகின்றது. ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் இத்தகைய குடங்களைக் கொண்டு ஒலிகளைப் பகுத்தாராய்ந்து, 1863இல் இசையொலி பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

இக்குடம் ஒலி எழுப்புவது மட்டுமன்று. ஒலியை விழுங்கவும் வல்லது. தனக்குரிய மீடிறனை (செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதே மீடிறன்) உடைய ஒலி வெளியிலிருந்து வந்தால், கழுத்துக் காற்று பரிவுற்று மிக வேகமாக ஆடும். கழுத்தில் ஒரு துணித் துண்டைக் கட்டிவிட்டாற் போதும். ஆடும் காற்று துணியோடு உராய்ந்து, ஒலியின் சக்தி சிறிது வெப்பமாகி ஒழியும். உரோம நாட்டுச் சிற்பநூலார் விற்றூவியஸ், அரங்குகளில் வெண்கலக் கலசங்கள் வைப்பதைப் பற்றி எழுதியுள்ளார். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் சிலவற்றின் சுவர்களில் மட்குடங்கள் வாய் வெளியே தெரியப் புதைக்கப்பட்டிருக்கின்றன.

ஆயிரம் குடங்களைச் சுவரிற் புதைக்க யாரால் ஆகும்? அதற்கும் ஓர் எளிய உபாயம் உண்டு. மெல்லிய பலகை ஒன்றிற் சமதூரத்திற் சிறு துளைகளை இட்டு, சுவரிலிருந்து சிறிது விலக்கி அறையுங்கள். ஒவ்வொரு துளையும் ஒரு கழுத்து. அதன் பின்னாலுள்ள காற்று ஒரு வயிறு. நடுவே தடுப்பு இல்லாவிடினும், துளைகள் ஒழுங்காக அமைந்தமையாற் காற்று தானாகவே பங்கு பிரிந்துகொள்கின்றது. ஒன்றுக்கு அதிகமும் மற்றொன்றுக்குக் குறைவும் வருவதில்லை. எல்லாக் குடங்களும் ஒரே சுருதியில் நிற்கும். துளைகளை மனம்போனபடி இட்டால் இவ்வொற்றுமை குலையும். துளைகளை நெருக்கினாற் சுருதி ஏறும்; இடைவெளியைக் கூட்டினாலும், பலகையைச் சுவரிலிருந்து மேலும் விலக்கினாலும் சுருதி இறங்கும். ஒலியை அடக்குவது பலகையின் தடிப்பன்று. அதிலுள்ள வெற்றிடங்களின் முறைமையே.

வரிசையின் வலிமை

ஒழுங்கான இடைவெளி ஒலியை ஆளுகின்றது என்பதற்கு வேறோர் அதிசயமான சான்றும் உண்டு. ஸ்பானிய நாட்டு மாட்ரிட் நகரில், ஹுவான் மார்ச் என்னும் அறநிலையத்தின் தோட்டத்தில் ஒரு சிற்பம் நிற்கின்றது. எவுசெபியோ செம்பேரே என்ற கலைஞர் ஆக்கியது. உருவம் ஏதும் இல்லை. மினுங்கும் உருக்குக் குழாய்கள் பலவற்றைப் பத்துப் பத்துச் சென்ரிமீற்றர் இடைவெளியில் வரிசை வரிசையாக நாட்டியதே அச்சிற்பம். காண்பதற்கென்றே அதனைச் செய்தார், கேட்பதற்கென்று செய்யவில்லை. அவர் மறைந்து பத்து ஆண்டுகளின் பின்னர், 1995இல், வலென்சியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு புறத்தில் ஒலியை எழுப்பி மறுபுறத்தில் அளந்தனர். செக்கனுக்கு 1,670 அதிர்வுடைய ஒலி அக்குழாய்க் காட்டைக் கடக்க இயலாது மிகவும் நலிந்துபோயிற்று. இம்முடிவு 'நேச்சர்' இதழில் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்டது.

காரணம் கணக்கிலேயே இருக்கின்றது. அந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர்; குழாய்களின் இடைவெளி அதிற் சரிபாதி. ஒவ்வொரு வரிசையிலும் சிறிதளவு ஒலி தெறிக்கின்றது. அவ்வாறு தெறித்த சிறு சிறு அலைகள், இடைவெளி அலைநீளத்தின் பாதியாக இருக்குமிடத்து, ஒன்றோடொன்று அடியொற்றிச் சேர்ந்து பெரிய அலையாகித் திரும்பிவிடுகின்றன. தனித்து நின்றால் ஒரு குழாய் ஒலியை ஒன்றும் செய்யாது. முறைப்படி நிற்கும் கூட்டம் அதனை மறிக்கின்றது. இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். செம்பேரேயின் குழாய்கள் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன; துளையிட்ட பலகை ஒலியை உறிஞ்சுகின்றது. பின்வந்த ஆராய்ச்சியாளர் இரண்டையும் இணைத்து, குழாய்களிலேயே பிளவிட்டுக் குடமாக்கியும், துளையிட்ட உறைக்குள் பஞ்சு பொதிந்தும், பெருந்தெருக்களின் ஓரத்தில் நிறுத்தக்கூடிய ஒலித் தடுப்புகளை ஆக்கி வருகின்றனர். காற்றும் ஒளியும் ஊடே செல்லும். இரைச்சல் மட்டும் தங்கிவிடும்.

கிரேக்க நாட்டின் எபிடாரஸ் அரங்கின் புகழையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரங்கில் நடிகரின் குரல் கடைசிப் படி வரை தெளிவாகக் கேட்கின்றது. சமதூரத்தில் அமைந்த கல்லிருக்கை வரிசைகள் 500 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட இரைச்சலை அடக்கி, மேற்பட்ட குரலொலியைத் தெறித்து அனுப்புகின்றன என்று 2007இல் இரு விஞ்ஞானிகள் கணித்துக் காட்டினர்.

இவற்றைக் கூறியபோது என் மாணவன் ஒருவன், "அப்ப எங்கட தென்னந்தோட்டமும் சத்தத்த மறிக்குமா, சேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. தென்னைகள் ஏறத்தாழ 8 மீற்றர் இடைவெளியில் நிற்கின்றன. அவை மறிக்கத்தக்க ஒலியின் அலைநீளம் 16 மீற்றர், மீடிறன் 22. அது மனிதச் செவி கேட்கும் எல்லையின் அடிவாரம். மேலும் அத்துணைப் பெரிய அலைக்கு ஒல்லியான தென்னை மரம் ஒரு பொருட்டே அன்று. ஆகவே தோட்டத்து நிழலை அனுபவிக்கலாம். நிசப்தத்தை எதிர்பார்க்க இயலாது என்றேன். வகுப்புச் சிரித்தது. பின்வாங்குப் பையன் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்த வேடிக்கை எட்டவில்லை.

பாராளுமன்றம் பேச்சிழந்த கதை

பணமும் பொறியியலாளரும் மிகுந்த நாடுகளுக்கும் இப்படியான இடர் நேர்ந்ததுண்டு. ஜேர்மனியப் பாராளுமன்றத்துக்காகப் பொன் நகரிற் புதிய சபாமண்டபம் ஒன்று 1992ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் திறந்துவைக்கப்பட்டது. வட்ட வடிவம், சுற்றிலும் கண்ணாடி. மக்களாட்சிக்கு மறைவில்லை என்பதைக் காட்டும் எண்ணம் அது. ஒரு மாதத்துக்குள்ளாகவே, நவம்பரில், ஒலிபெருக்கி அமைப்பு முற்றாகத் தடுமாறியது. வளைந்த கண்ணாடியிற் பட்ட ஒலி திரும்பி வந்து குவிந்ததே காரணம். சபையினர் தம் பழைய மண்டபத்துக்கே திரும்ப நேர்ந்தது.

கண்ணாடியைத் திரையிட்டு மறைத்தாற் கட்டிடத்தின் நோக்கம் கெடும். பஞ்சு வைக்கவும் இடமில்லை. அப்போது கைகொடுத்தது சீன விஞ்ஞானி மா தாயூ 1975இல் வெளியிட்ட ஒரு கொள்கை. துளையை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகச் சுருக்கினால், துணியோ பஞ்சோ தேவையில்லை. அந்நுண்துளையின் ஓரத்தோடு காற்று உராய்வதே ஒலியை உறிஞ்சப் போதும் என்பது அக்கொள்கை. அரை மில்லிமீற்றர் அளவான எண்ணற்ற துளைகளை ஒழுங்காக இட்ட, ஊடே பார்க்கத்தக்க அக்கிரிலிக் பலகைகளைக் கண்ணாடியின் முன் நிறுத்தினர். 1993இற் சபை மீண்டும் அங்கே கூடியது. மண்டபம் பழையபடியே வெளிச்சமாக இருந்தது. பேச்சு மட்டும் விளங்கியது.

பத்தொன்பதாயிரம் துளைகள்

இவ்வரலாற்றைப் படித்தபின் எனக்குத் துணிவு பிறந்தது. எங்களிடம் அக்கிரிலிக் இல்லை. 4 மில்லிமீற்றர் தடிப்பான ஒட்டுப்பலகை இருந்தது. எட்டடிக்கு நான்கடியான பலகைகள் நான்கு வாங்கினோம். மாணவர்களே கணக்கைச் செய்தனர். துளையின் விட்டம் 5 மில்லிமீற்றர். துளைக்குத் துளை 25 மில்லிமீற்றர். சுவரிலிருந்து விலக்கு 50 மில்லிமீற்றர். விடை 490 அதிர்வுக்கு அண்மையில் வந்தது. சொற்களை மூழ்கடிக்கும் உயிரொலிகளின் முழக்கம் இப்பகுதியிலேதான் மிகுந்திருக்கின்றது.

ஒரு பலகைக்கு ஏறத்தாழ 4,750 துளைகள், நான்குக்கும் 19,000. எங்கள் அயலிலுள்ள ஓடாவியார் கணக்கைக் கேட்டுத் தலையிற் கைவைத்தார். பின்னர், நான்கு பலகைகளையும் ஒன்றாக அடுக்கி இறுக்கினால் ஒரு துளைப்பில் நான்கு துளையாகும் என்று வழியும் அவரே சொன்னார். பென்சிலாற் கட்டம் கீறும் வேலையைப் பின்வாங்குப் பையனிடம் ஒப்படைத்தேன். வலை பின்னிப் பழகிய குடும்பத்துக் கை. ஒரு கண்ணி பிசகவில்லை. மூன்று சனிக்கிழமைகள் மாறி மாறித் துளைத்தோம். பழைய பருத்திச் சேலைத் துணியைப் பலகையின் பின்புறம் இழுத்து ஒட்டினோம். மரச்சட்டம் அறைந்து, பின்சுவரிலும் பக்கச் சுவரிலும் பலகைகளைப் பொருத்தினோம்.

கணக்கின்படி அப்பலகைகள் அந்த மீடிறனில் 9 அலகுக்கு மேல் உறிஞ்ச வேண்டும், 1.1 செக்கனாக இருந்த முழக்கம் 0.8 செக்கனுக்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். நியமம் கூறும் 0.6 ஐ நாங்கள் எட்டவில்லை. ஆயினும் திங்கட்கிழமை காலையில் வகுப்பினுள் நுழைந்து வணக்கம் சொன்னபோதே என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சுவர் அதனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு கணம், பழைய கொட்டிலில் நிற்பதாகவே உணர்ந்தேன்.

அன்று வேண்டுமென்றே தாழ்ந்த குரலிற் பாடம் சொன்னேன். அவனை இரண்டாம் வாங்கில், நல்ல காது என்பக்கம் திரும்பும்படி இருத்தியிருந்தேன். பாதிப் பாடத்தில் நிறுத்தி, "தம்பி, இப்ப நான் சொன்ன சொல் விசையா, திசையா?" என்று கேட்டேன். அவன் எழுந்தான். "முதல் சொன்னது விசை, சேர். அது தாக்குற பக்கம் திசை. ரெண்டையும் சொன்னீங்க" என்றான். இரண்டையும் நான் சொல்லியிருந்தது அவன் கூறிய பின்னரே எனக்கு நினைவுக்கு வந்தது. வகுப்பின் முன்னிலையில் அவனைக் கடிந்தவன் நான் ஆதலின், அதே வகுப்பின் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதற்கும் தலையைக் குனிந்துகொண்டான்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல்

துளைப்பலகையாற் செவிக்குறை தீர்ந்துவிடும் என்று யாரும் கொள்ளலாகாது. காதில் நோயிருப்பின் வைத்தியரிடமே காட்ட வேண்டும்; அப்பையனும் பின்னர் வைத்தியம் பெற்றான். நான் வற்புறுத்த விரும்புவது வேறு. பிள்ளை மந்தம் என்றோ, கவனமில்லாதவன் என்றோ தீர்ப்புக் கூறுமுன், அவன் இருக்கும் அறையை ஒரு முறை சோதியுங்கள். அறை நடுவே நின்று ஒரு கைதட்டுத் தட்டுங்கள். ஓசை உடனே அடங்கினால் நன்று. சுவர்களில் ஓடி ஒலித்து மெல்லத் தேய்ந்தால், அவ்வறை பிள்ளைகளின் காதுக்கும் ஆசிரியரின் தொண்டைக்கும் பகையென்று அறியுங்கள். சாளரங்களைத் திறவுங்கள், திரைச்சீலை இடுங்கள், இயலுமாயின் துளையிட்ட பலகை பொருத்துங்கள். புதிய கட்டிடம் எழுப்புவோர் வர்ணத்துக்கும் ஓட்டுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் காதுக்காகவும் ஒதுக்கலாகாதா?

எங்கள் மண்ணில் இதற்கு வழிகாட்டி ஒருவர் வாழ்ந்து மறைந்திருக்கின்றார். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை நமக்கு அளித்தார். கேட்டல் என்பது இசைவாணர்க்கு மட்டும் உரியதன்று, கணக்கறிவோர்க்கும் உரியதே என்பதற்கு அந்நூல் சான்று. அவர் 1929இல் நிறுவிய சிவாநந்த வித்தியாலயமும், அவர் துயிலும் சமாதியும் கல்லடி உப்போடையில், வாவிக்கு அண்மையிலேயே இருக்கின்றன.

2013இல் கல்லடியிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. வாகனங்களின் இரைச்சல் பெருகியிருக்கின்றது. அப்பழைய தோணிக்காரரும் இன்று இல்லை. ஆயினும், பூரணை இரவுகளிற் சில வேளை நான் அப்பக்கம் போவதுண்டு. சென்ற ஆண்டு என்னைத் தோணியில் ஏற்றிச் சென்றவன், பின்வாங்கில் இருந்த அதே மாணவன். இப்போது சொந்தத் தோணியும் வலையும் வைத்திருக்கின்றான். நடுவாவியிற் துடுப்பை நீரில் இறக்கி, மறுமுனையை என்னிடம் நீட்டினான். "நீங்க முதல்ல கேளுங்க, சேர்" என்றான். நெடுநேரம் கேட்டுவிட்டு, துடுப்பை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன். அவன் தன் நல்ல காதை அதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினான்.